செட்டைக் கலைக்காதீர்கள்: ஜப்பான் பொம்மை ரயில் சேர்க்கத் தொடங்குவோருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

சேலம், நாமக்கல் பக்கத்துத் தம்பி தங்கைகள் சிலர் பழைய ஜப்பான் பொம்மை ரயில் செட்டுகளைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம் சமவெளிக்கு ரயில் ஒரே நேரத்தில் வந்துவிடவில்லை. மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் போட்ட பாதை 1861-லேயே சேலத்தைத் தொட்டுவிட்டது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாமக்கல்லுக்கு, சேலம்–கரூர் புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓட 2013 ஆயிற்று. நாமக்கல் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக லாரியைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ரயில் பார்க்க வேண்டுமென்றால் சேலம் ஜங்ஷனுக்கோ கரூருக்கோ போக வேண்டியிருந்தது. அந்த ஏக்கம் இருந்த மண்ணில், வீட்டுக் கூடத்திலேயே ஒரு ரயில் ஓடட்டும் என்ற ஆசை பிறப்பது இயல்பு.

தொடக்க செட்டு என்றால் ஒரே அட்டைப் பெட்டிக்குள் ஓர் இன்ஜின், இரண்டு மூன்று ரயில் பெட்டிகள், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ போடத் தேவையான தண்டவாளம், ஓட்டுவதற்கான சாவியோ பேட்டரியோ பவர் பேக்கோ. வாங்கி வந்த அன்று மாலையே பிள்ளை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அந்தக் கணக்குதான் அந்தப் பெட்டியின் மதிப்பு. அதைக் கலைக்காமல் காப்பதெப்படி என்பதுதான் நான் கீழே சொல்வதன் மொத்தமும்.

1. எந்தக் குடும்பம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பழைய ஜப்பான் செட்டுகளை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அச்சிட்ட தகர ரயில்கள். போருக்குப் பின் ஜப்பான் உலகத்துக்கு ஏற்றுமதி செய்தவை. சாவி கொடுத்தோ பேட்டரி போட்டோ ஓடுபவை. நோமுரா, மசுதாயா, யோனெசாவா, ஆல்ப்ஸ் போன்ற நிறுவனங்களின் சின்னம் அடிப்பாகத்தில் இருக்கும். சாய்சதுரத்துக்குள் ‘டி.என்.’ இருந்தால் அது நோமுரா.

இரண்டாவது, பிளாரெயில். இன்று டக்காரா டோமி என்று பெயர் பெற்ற நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த நீலப் பிளாஸ்டிக் தண்டவாளம். முதலில் கையால் தள்ளும் வண்டி. 1961-ல் பேட்டரி வண்டி வந்தது. அன்றைய தண்டவாளமும் இன்றைய தண்டவாளமும் ஒன்றோடொன்று பொருந்தும்.

மூன்றாவது, ‘என்’ கேஜ் எனப்படும் 9 மில்லிமீட்டர் தண்டவாள மாடல்கள். காட்டோ நிறுவனம் 1965-ல் சி-50 நீராவி இன்ஜினோடு இதை ஜப்பானில் தொடங்கியது. பிளாரெயிலைக் கொண்டுவந்த அதே டோமி நிறுவனத்தின் ‘டோமிக்ஸ்’ 1976-ல் வந்தது.

இந்த மூன்றுக்கும் பராமரிப்பு வேறு, விலை வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு. ஒன்றை எடுத்துக்கொண்டு அதை நன்றாகக் கற்ற பின் அடுத்ததற்குப் போங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பிளாரெயில். நுட்பமாகக் கைவேலை செய்யப் பொறுமை இருந்தால் ‘என்’ கேஜ். ஓட்டுவதைவிடப் பார்ப்பதில் மனம் நிறைந்தால் தகரம்.

2. முதல் செட்டு முழுசாக இருக்கட்டும்.

பளபளக்கும் தனி இன்ஜினை விட, கொஞ்சம் மங்கியிருந்தாலும் எல்லாம் உள்ள பெட்டி தொடங்குகிறவருக்கு நல்லது. தண்டவாளத்தை எண்ணிப் பாருங்கள். டோமிக்ஸின் அடிப்படை வளைவு 280 மி.மீ. ஆரம், 45 டிகிரித் துண்டு எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம். பிளாரெயிலிலும் வளைவு எட்டுதான். ஏழு இருந்தால் வட்டம் மூடாது. அந்த எட்டாவது துண்டு அதே காலத்து வார்ப்பில், அதே நிறத்தில் கிடைக்க நாளாகும். தண்டவாள இணைப்புத் தகடு, மின் இணைப்பு வயர், தண்டவாளத்தில் வண்டியை ஏற்றும் சரிவு, செய்முறைத் தாள், உள்தட்டு ஆகியவற்றையும் பட்டியலிட்டுச் சரிபாருங்கள். பெட்டி மூடியில் உள்ள படமே பெரும்பாலும் பட்டியல்.

வேறு செட்டின் பெட்டிகளைச் சேர்த்து ‘முழு செட்டு’ என்று விற்பதும் உண்டு. கொக்கிகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா, சக்கரங்களின் நிறம் ஒத்திருக்கிறதா, எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவு மங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தவை ஒன்றாகவே வயதாகும்.

3. பெட்டியின் அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

காலத்தை விற்பவர் வாயால் அறிய வேண்டாம், அட்டையே சொல்லும். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் எண்கள் தெரிந்தால் போதும்.

தகர வண்டியில் ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்றிருந்தால், அமெரிக்கப் படை அங்கே இருந்த 1947–52 காலத்து ஏற்றுமதி. ‘ஷோவா’ ஆண்டு போட்டிருந்தால் அதோடு 1925-ஐக் கூட்டுங்கள்: ஷோவா 50 என்றால் 1975. முகவரியில் மூன்று அல்லது ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1968-க்கும் 1998-க்கும் இடைப்பட்டது. ஏழு இலக்கம் என்றால் 1998-க்குப் பிந்தியது. 49-ல் தொடங்கும் பார்கோடு இருந்தால் 1978-க்கு முந்தியதாக இருக்க முடியாது. விலைக்குப் பக்கத்தில் வரி பற்றிய குறிப்பு இருந்தால், அங்கே நுகர்வு வரி வந்த 1989-க்குப் பிந்தியது.

வண்டியின் உடலும் பேசும். ஜப்பான் தேசிய ரயில்வே 1987 ஏப்ரலில் பிரிக்கப்பட்டு ஜே.ஆர். நிறுவனங்கள் பிறந்தன. ஆகவே ஜே.ஆர். எழுத்து அச்சான மாடல் அதற்குப் பின்தான் வந்திருக்கும். ஆனால் அந்த எழுத்து இல்லாததால் மட்டும் அது பழையது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய கால வண்டிகளை இன்றும் புதிதாக வார்க்கிறார்கள். ‘டக்காரா டோமி’ என்ற பெயர் இருந்தால், இரு நிறுவனங்கள் இணைந்த 2006-க்குப் பிந்தியது.

ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

4. முதலில் ஊரில் தேடுங்கள், பிறகு கடல் கடந்து.

இறக்குமதி இறுக்கமாக இருந்த காலத்தில் இந்தப் பொம்மைகள் இங்கே கடைச் சரக்காக வரவில்லை. சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர்கள் பெட்டியில் வந்தன. சென்னை பர்மா பஜாரில் வந்தன. அப்படி வந்தவை இன்றும் சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. நவராத்திரிக் கொலுவில் பூங்காவும் ரயிலும் வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் விசாரியுங்கள். காயலான்கடைக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பர்மா, மலாயா சென்ற குடும்பங்களின் சாமான்கள் அங்கே வந்து சேர்கின்றன.

வயதானவர் வீட்டில் கேட்டு வாங்கினால் நியாயமான விலை கொடுங்கள். அவருக்கு மதிப்புத் தெரியவில்லை என்பதை லாபமாக்கிக்கொள்ளாதீர்கள். தெரிந்ததைச் சொல்லி வாங்குகிறவரைத் தேடித்தான் அடுத்த செட்டும் வரும்.

ஜப்பானிலிருந்து வரவழைத்தால், அங்கே ‘ஜங்க்’ என்று குறித்து விற்பது திருப்பி எடுக்கப்படாத சரக்கு. ‘ஓட்டிப் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால் ஓடாது என்றே எண்ணி விலை வையுங்கள். கேட்கும் விலையைப் பார்க்காமல், முடிந்த ஏலங்களில் போன விலையைப் பாருங்கள். சுங்கச் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள்: பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புப் பார்சலுக்கு இருந்த விலக்கும் 2019 டிசம்பரில் போய்விட்டது. ஊருக்கு வருகிற உறவினர் பெட்டியில் கொண்டுவந்தாலும் பயணிகளுக்கான சலுகை வரம்பு உண்டு. அது மாறக்கூடியது, புறப்படும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. பழைய பவர் பேக்கை நம் பிளக்கில் செருகவே செருகாதீர்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பழைய பவர் பேக்குக்குள் இருப்பது 100 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். பிளக் முனை மாற்றும் அடாப்டரைப் போட்டு நம் சுவரில் செருகினால் காயில் கருகும், தீயும் பிடிக்கலாம். அடாப்டர் முனையைத்தான் மாற்றுகிறது, வோல்ட்டை மாற்றுவதில்லை.

பழைய பேக்கைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிடுங்கள். ‘என்’ கேஜ் மோட்டாருக்குத் தேவை 12 வோல்ட் டி.சி. தரமான 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர், வேகம் கூட்டிக் குறைக்க ஒரு டி.சி. கன்ட்ரோலர், முன்னும் பின்னும் போக ஒரு திசை மாற்றும் சுவிட்ச் ஆகியவை போதும். மூல பேக்கைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டும், வயரின் உறை வெடித்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு.

6. முதல் ஓட்டத்தை ஒன்பது வோல்ட்டில் வையுங்கள்.

பல ஆண்டு உறங்கிய ‘என்’ கேஜ் இன்ஜினுக்கு எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு நேர்த் தண்டவாளத் துண்டை மேஜையில் வையுங்கள். இன்ஜினை அதன் மேல் ஏற்றி, சக்கரங்கள் எல்லாம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்மட்டத்தில் பாருங்கள். 9 வோல்ட் சதுர பேட்டரியிலிருந்து இரண்டு வயரை எடுத்து, இரு தண்டவாளத்திலும் ஒரு நொடி தொடுங்கள்.

இன்ஜின் நகர்ந்தால் மகிழ்ச்சி. வயரை மாற்றித் தொட்டால் எதிர்த்திசையில் நகர வேண்டும். விளக்கு மட்டும் எரிந்து இன்ஜின் நகராவிட்டால் மின்சாரம் உள்ளே போகிறது, மோட்டாரோ பல்சக்கரமோ இறுகியிருக்கிறது. உறுமல் கேட்டும் நகராவிட்டால் உடனே வயரை எடுங்கள். பழைய கிரீஸ் மெழுகாக இறுகி மோட்டாரைப் பிடித்திருக்கும், தொடர்ந்து கொடுத்தால் காயில் போய்விடும். ஒன்றுமே நடக்காவிட்டால் பெரும்பாலும் சக்கரத்தில் கறுப்பு அழுக்கு. துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பிளாரெயிலில் முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளைத் தூள் படிந்திருந்தால், எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரத் துணியால் மறுபடி துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

7. எண்ணெய் ஊசி முனை அளவு. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம்.

நம் வீடுகளில் பூட்டுக்கும் கீலுக்கும் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். இந்த இன்ஜினுக்கு அது விஷம். நாளாக நாளாகப் பிசுக்காகி, தூசியைப் பிடித்து, பல்சக்கரத்தை ஒட்டவைத்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவை பிளாஸ்டிக்கை அரிக்கும். பிளாஸ்டிக்குக்குக் கேடு செய்யாதது என்று குறிப்பிட்டு விற்கும் மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, அச்சு முனைகளில் மட்டும் வையுங்கள்.

தண்டவாளத்தை மென்மையான துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் விழும் கீறல்களில் அழுக்கு மேலும் பிடிக்கும். அதே ஆல்கஹாலை வண்டியின் உடலில் தொடாதீர்கள், அச்செழுத்து அழிந்துவிடும். சில சக்கரங்களில் பிடிப்புக்காக மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் வயதானால் கல்லாகி உதிரும். இன்ஜின் ஓடியும் பெட்டிகளை இழுக்காவிட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

8. தகர வண்டிக்கு மறுபெயின்ட் அடிக்காதீர்கள்.

சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் லாரிக்குப் புதுப் பொலிவு தரும் அருமையான பெயின்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் தகர ரயிலைக் கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். அந்தத் தகரத்தின் மேல் இருப்பது தூரிகையால் தீட்டிய வண்ணம் இல்லை. தகட்டிலேயே அச்சிட்டு, பிறகு வெட்டி மடித்தது. ஜன்னலில் எட்டிப் பார்க்கும் முகங்களும் ஆணித் தலைகளும் அச்சில் வந்தவை. மேலே ஒரு பூச்சு போனால் அவை திரும்பி வராது. பித்தளை பாலிஷும் வேண்டாம். உலர்ந்த மென்துணியால் துடைத்து, துரு பரவாமல் உலர்வான இடத்தில் வைத்தால் போதும்.

9. பரணில் வைக்காதீர்கள், பாச்சை உருண்டையை அருகில் விடாதீர்கள்.

சித்திரை வெயிலில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்கு அடியில், ஓட்டுக்கும் தகரக் கூரைக்கும் அடியில் உள்ள பரண் அதைவிடச் சூடு. அங்கே மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும்; வளைந்த தண்டவாளத்தில் வண்டி தடம் புரளும். தரைத்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வெயில் பட்டால் ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென்னின் தந்த நிற உடல் மஞ்சளாகும்.

ராமபாணப் பூச்சிக்குப் பயந்து நாம் எங்கும் போடுவது பாச்சை உருண்டை. அதன் நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கும். வெள்ளைத் தெர்மோகோல் உள்தட்டு குழிந்து போகும், வண்டியின் உடல் பிசுபிசுக்கும். கற்பூரத்தையும் தவிர்க்கவும். சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, ஆண்டுக்கு இருமுறை திறந்து காற்றாடவிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடைக்கு முன் ஒருமுறை.

இன்னொன்று: பி.வி.சி. உறை போட்ட வயரைத் தெர்மோகோல் தட்டின் மேலோ வண்டியின் மேலோ சுற்றி வைக்காதீர்கள். அந்த உறையிலிருந்து கசியும் பொருள் பிளாஸ்டிக்கைக் கரைத்து வயரின் தடத்தைப் பதித்துவிடும். வயரைக் காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். பேட்டரியை ஓட்டம் முடிந்த அன்றே கழற்றுங்கள்.

10. நம் ஊர்க் கைகளை நாடுங்கள்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வேண்டிய திறமை நம்மைச் சுற்றியே இருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்பவர்கள் மயிரிழைக் கம்பிக்குப் பற்றுவைக்கத் தெரிந்தவர்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் கருகிய சுற்றைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் இருப்பார். லேத் பட்டறையில் ஒரு சிறு அச்சுக்கம்பி கடைந்து வாங்கலாம். அவர்களிடம் போகும்போது இரண்டு விஷயம்: பொருள் பழையது, மாற்றிய பாகத்தை எனக்கே திருப்பித் தாருங்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள், சின்ன வேலை என்று கூலியில் பேரம் பேசாதீர்கள்.

11. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள்.

எங்கே, யாரிடமிருந்து, என்று வாங்கினீர்கள், என்னென்ன குறைவு, எந்தப் பாகத்தை எப்போது மாற்றினீர்கள், மூலப் பாகம் எந்தப் பையில் இருக்கிறது. கொடுத்தவர் சொன்ன கதையையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். அது எந்த ஊரிலிருந்து யாருடைய பெட்டியில் வந்தது, யாருக்காக வாங்கியது என்பதெல்லாம் அவரோடு போய்விடக்கூடிய செய்தி. ஜப்பானில் ஆயிரக்கணக்கில் விற்ற ஒரு செட்டு இங்கே தனித்துவம் பெறுவது அந்தக் கதையால்தான்.

நீங்கள் விற்க நேர்ந்தாலும் பெட்டியையும் குறிப்பேட்டையும் சேர்த்தே கொடுங்கள். இன்ஜினைத் தனியாக, தண்டவாளத்தைத் தனியாக விற்றால் கூடுதல் பணம் வரலாம்; அதோடு அந்த செட்டு என்றைக்குமாக இல்லாமல் போய்விடும்.

12. ஓட்டுங்கள், காட்டுங்கள், சொல்லிக்கொடுங்கள்.

ஓடாத மோட்டாரில் கிரீஸ் இறுகும், தண்டவாளம் கறுக்கும். மாதம் ஒருமுறை சில நிமிடமாவது ஓட்டுங்கள். டோமிக்ஸின் அடிப்படை நீள்வட்டத்துக்கு நாலடிக்கு இரண்டரை அடி பிளைவுட் பலகை போதும். வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்துவிடலாம். தரையில் போடாதீர்கள், தூசியும் முடியும் அச்சில் சுற்றும்.

நவராத்திரியில் கொலுப் பூங்காவைச் சுற்றி ஓடட்டும். தகர வண்டிகளின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் கையில் அவற்றைக் கொடுக்காமல், பிளாரெயிலைக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளிடம் கன்ட்ரோலரையே கொடுத்து, ஷின்கான்சென் 1964 அக்டோபரில் ஓடத் தொடங்கியதையும், அதே காலத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி கட்டிய மின்சார இன்ஜின்கள் சென்னை–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் ஓடியதையும் சொல்லுங்கள். பொம்மைக்கும் நம் ஊர் ரயிலுக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குப் புரியும். வசதிப்படும்போது பெரம்பூரில் உள்ள சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்கும், புனேயில் 1998-ல் திறந்த ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள். ஒரு தனி மனிதரின் ஆர்வம் எவ்வளவு தூரம் வளரலாம் என்பதைப் புனேயில் பார்க்கலாம்.

தம்பி தங்கைகளே, இதில் பணம் உள்ளவரை விடப் பொறுமை உள்ளவரே நல்ல சேகரிப்பாளர் ஆகிறார். இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள். எந்தக் குடும்பம் என்று முடிவு செய்யுங்கள், அந்தக் குடும்பத்தின் பெட்டிகளைப் படங்களில் பார்த்து, எட்டு வளைவையும் எண்ணப் பழகுங்கள். அடுத்த மாதம் ஒரே ஒரு முழு செட்டு வாங்குங்கள். அதை நீங்களே திறந்து, துடைத்து, ஓட்டி, மறுபடி அதே பெட்டியில் அதே இடத்தில் அடுக்கத் தெரிந்த பிறகு இரண்டாவதை நினையுங்கள். அதற்குள் உங்களிடம் வந்து ஒருவர் கேட்பார்; தெரிந்ததை மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள்.